ஜவ்வாது மலையின் கொக்கிப்புழு

கொக்கிப்புழு ஏழை ஊர்களின் நோய். வெறுங்கால், கழிப்பறை இல்லாத வீடு, ஈரம் காயாத நிழல் மண் ஆகிய மூன்றும் எங்கே கூடுகின்றனவோ அங்கே அது நிலைத்துவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி, தமிழ்நாட்டின் ஜவ்வாது மலை ஆகியவை மொழியாலும் வழக்கத்தாலும் ஒன்றுக்கொன்று எட்டாத இடங்கள். அவற்றை ஒரே ஆய்வுக்குள் கொண்டுவந்து சேர்த்தது இந்தப் புழு. டீவார்ம்3 என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வின் களப்பணி 2017இல் தொடங்கியது. பெனினில் கோமே, மலாவியில் மங்கோச்சி, இந்தியாவில் திமிரி வட்டாரமும் ஜவ்வாது மலையும் சேர்ந்த ஒரு பகுதி என்று மூன்று களங்கள். இந்தியக் களத்தின் பொறுப்பு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிடம் இருந்தது.

உடல்நலம், கல்வி, சுற்றுச்சூழல் என்று அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பவை ஒரு மலைக்கிராமத்தில் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. இந்த ஆய்வும், இதற்கு முன் அதே மலையில் நடந்த சில ஆய்வுகளும் அந்தப் பின்னலை எண்களாலேயே காட்டியிருக்கின்றன.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறும் கமண்டல நாகநதியும் மிருகண்டா நதியும் இங்கிருந்து இறங்குகின்றன. மலைக்கு நடுநாயகமான ஊர் ஜமுனாமரத்தூர். ஒரு காலத்தில் செழித்திருந்த சந்தன மரங்களாலும், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கிவரும் காவலூர் வானாய்வகத்தாலும் வெளியூர்க்காரர்கள் இந்த மலையை அறிவார்கள். மலைக்குள் வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். இவர்கள் தமிழ் பேசுபவர்கள், கேரளத்தாரோடு தொடர்பில்லாதவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் மலையாளிகளுக்குத்தான். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் அவர்கள் சுமார் 3.58 லட்சம் பேர்.

சாமை, கேழ்வரகு, கொள்ளு ஆகியவை மலையின் பயிர்கள். புளி, தேன், கடுக்காய் ஆகியவை காட்டிலிருந்து கிடைக்கும் வரவு. சாமைக்கு இங்கே இருக்கும் இடத்தை வேளாண் ஆராய்ச்சியும் கவனித்திருக்கிறது. திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் ஏ.டி.எல்.1 என்ற சாமை ரகத்தை வெளியிட்டது. ஆனாலும் மானாவாரிக் கொல்லை ஒரு குடும்பத்தை ஆண்டு முழுவதும் தாங்காது. அறுவடை முடிந்ததும் கேரளம், கர்நாடகம், கோவை, திருப்பூர் என்று கூலி தேடி இறங்குவது வழக்கமாகிவிட்டது. அப்படி இறங்கியவர்களில் சிலர் மரம் வெட்டும் வேலைக்காக ஆந்திரத்தின் செம்மரக் காடுகள் வரை இழுத்துச் செல்லப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் பலர் ஜவ்வாது மலைப் பகுதியையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். இந்த இடப்பெயர்வு பிழைப்புச் சிக்கலோடு நிற்பதில்லை. பள்ளி வருகையையும் நோய்த் தடுப்பையும் அது எப்படித் தொடுகிறது என்பது பின்னால் தெரியவரும்.

கொக்கிப்புழுவின் வாழ்க்கை மண்ணில் தொடங்குகிறது. தொற்று உள்ள ஒருவர் திறந்த வெளியில் மலம் கழிக்கும்போது புழுவின் முட்டைகள் மண்ணில் சேர்கின்றன. மண் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் நிழலோடும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிந்து இளம்புழு வெளிவருகிறது. ஐந்து முதல் பத்து நாளில் அது தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகிறது. சுடுவெயிலும் வறட்சியும் அதைக் கொன்றுவிடும். நிழலும் ஈரமும் நிறைந்த மண்ணிலோ அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த மண்ணை மிதிக்கும் வெறுங்காலின் தோல் வழியாக அது உடலுக்குள் நுழைகிறது. நுழைந்த இடத்தில் கொஞ்சம் அரிப்பு இருக்கலாம். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாய் வழியாக மேலேறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடலை அடைந்து அதன் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. அங்கே பல ஆண்டுகள் இரத்தம் குடித்து வாழ்கிறது. தென்னிந்தியாவில் பரவலாக உள்ள நெக்கேட்டர் அமெரிக்கானஸ் என்ற வகையில், ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது.

இந்த வகைப் புழு ஒன்று ஒரு நாளில் குடிக்கும் இரத்தம் ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர். ஒரு சொட்டுக்கும் குறைவு. ஆனால் நூறு புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர், மாதத்துக்கு 90 மில்லிலிட்டர் ஆகிவிடும். இழக்கும் இரும்பில் ஒரு பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும் இது சிறிய இழப்பாகாது. ஆரோக்கியமான ஓர் ஆண் நாள் முழுவதும் சாப்பிட்ட உணவிலிருந்து உடலில் சேரும் இரும்பு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். கீரையும் இறைச்சியும் எப்போதாவது மட்டும் கிடைக்கும் வீட்டில் இந்தக் கணக்கு நேராவதே இல்லை. மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ஏற்கனவே இரும்பை இழக்கும் பெண்களுக்குப் பாதிப்பு இரட்டிப்பாகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இதற்குச் சத்துக்குறைவு முதல் பல காரணங்கள் உண்டு. கொக்கிப்புழு உள்ள ஊர்களில் அதுவும் ஒரு காரணம், அதிலும் தடுக்கக்கூடிய காரணம்.

தமிழர்களுக்கு இந்தப் புழு புதிதும் அல்ல. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1910களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்களிடையேயும், 1920களில் சென்னை மாகாணத்திலும் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கங்களை நடத்தியது. மருந்து கொடுத்தார்கள், கழிப்பிடங்கள் கட்டச் சொன்னார்கள். மருந்து தீர்ந்ததும், கழிப்பிடம் வராத இடங்களில் புழு திரும்ப வந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகும் ஆராய்ச்சியாளர்கள் அந்த இடத்திலேயே நின்று யோசிக்க வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

புழுவுக்கும் பள்ளிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகம் பரவலாகப் பேசத் தொடங்கியது ஆப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வால். 1998இல் தொடங்கி, கென்யாவின் பூசியா மாவட்டத்தில் 75 தொடக்கப் பள்ளிகளில் கட்டம் கட்டமாகப் புழுநீக்க மாத்திரை கொடுக்கப்பட்டது. பொருளியலாளர்கள் எட்வர்ட் மிகெல், மைக்கேல் கிரெமர் இருவரும் 2004இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை பெற்ற பள்ளிகளில் மாணவர் பள்ளிக்கு வராமல் இருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மாத்திரை சாப்பிடாத அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பயன் அடைந்திருந்தார்கள். மண்ணில் விழும் முட்டைகள் குறைந்ததே அதற்குக் காரணம். ஆனால் தேர்வு மதிப்பெண் உயரவில்லை. 2015இல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மறுபடி அலசி, கணக்கீட்டில் பிழைகளைச் சுட்டினார்கள். உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, பிள்ளைகளின் வளர்ச்சியிலும் படிப்பிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றது. கடுமையான விவாதம் எழுந்தது. 2019இல் கிரெமர், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரோடு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பூசியாவின் பிள்ளைகளை இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. கூடுதலாகச் சில ஆண்டு மாத்திரை பெற்றவர்களின் நுகர்வுச் செலவு 14 விழுக்காடும், மணிக்கூலி 13 விழுக்காடும் உயர்ந்திருந்ததாக அது சொன்னது. இந்த விவாதத்தில் இரு தரப்பும் நேர்மையாகவே வாதிட்டன என்பதைச் சொல்ல வேண்டும். தொற்று கடுமையாக இருக்கும் ஊரில் கிடைக்கும் பலனை, தொற்று லேசாக இருக்கும் ஊரில் எதிர்பார்க்க முடியாது என்பது அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

இந்தியாவில் தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 1 முதல் 19 வயது வரையிலான ஏறத்தாழ 25 கோடிப் பிள்ளைகளைக் குறிவைக்கும் இது, உலகின் மிகப் பெரிய பள்ளிவழிப் புழுநீக்கத் திட்டம். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஆண்டுக்கு இரு முறை அல்பெண்டசோல் தருகிறார்கள். ஊரார் பேச்சில் அது பூச்சி மாத்திரை. வழக்கமான அளவு 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அதில் பாதி. பள்ளியைப் பயன்படுத்துவதில் நல்ல காரணம் உண்டு. பிள்ளைகள் ஓரிடத்தில் இருக்கிறார்கள், ஆசிரியர் இருக்கிறார், செலவு மிகக் குறைவு. மற்ற குடற்புழுக்களான உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பிள்ளைகளிடம்தான் அதிகம் இருக்கும் என்பதால், பள்ளியில் மாத்திரை கொடுத்தால் அவற்றின் பரவலே சரிந்துவிடும்.

கொக்கிப்புழு இந்தக் கணக்கில் அடங்காது. வயது ஏற ஏற அதன் தொற்றும் ஏறிக்கொண்டே போகும். கொல்லையில் களையெடுப்பவர், மாடு மேய்ப்பவர், காட்டில் புளி பொறுக்குபவர் என்று மண்ணோடு அதிகம் புழங்குபவர்கள் பெரியவர்கள். பள்ளியில் மாத்திரை விழுங்கிய பிள்ளை வீட்டுக்குத் திரும்பி, பெற்றோரின் முட்டைகள் விழுந்த அதே மண்ணை மிதிக்கிறது.

ஜவ்வாது மலையில் இதை எண்ணிப் பார்த்தவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள். 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ககன்தீப் காங் வளர்த்தெடுத்த குடல்நோய் ஆய்வுக் குழு அது. மலையின் 22 கிராமங்களில் 1237 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அவர்களில் 39 விழுக்காட்டினருக்கு மண்வழிப் பரவும் குடற்புழு ஏதேனும் ஒன்று இருந்தது. ஏறத்தாழ அத்தனையும் கொக்கிப்புழு. அடுத்து மலையின் 45 கிராமங்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து, பிள்ளைகள், பெரியவர்கள் என்று பாராமல் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். முதல் குழுவுக்கு ஒரு சுற்று, இரண்டாவதற்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு சுற்று, மூன்றாவதற்கு நான்கு சுற்று. தொடக்கத்தில் யாருக்குத் தொற்று அதிகம் என்று பார்த்தபோது மண்தரை வீடும், கொல்லையில் மலம் கழிக்கும் வழக்கமும் முன்னால் நின்றன.

இன்னொரு ஆய்வில் தமிழ்நாட்டின் பழங்குடிப் பகுதி ஒன்றில் மனிதர்களின் மலத்தோடு நாய்களின் மலத்தையும் மண்ணையும் எடுத்து, மரபணு முறையில் புழுவின் வகையைப் பிரித்துப் பார்த்தார்கள். மனிதர்களிடம் முதன்மையாக இருந்தது நெக்கேட்டர். ஆனால் நாய்களுக்கு உரிய கொக்கிப்புழுவின் தடயமும் சில மனித மாதிரிகளில் தென்பட்டது. ஊருக்குள் நாயும் ஆடும் கோழியும் மனிதரும் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொள்ளும் வாழ்க்கையில், மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதுமா என்ற கேள்வி இதனால் எழுகிறது.

டீவார்ம்3 இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. ஒவ்வொரு நாட்டிலும் 40 தொகுதிகள். அவற்றில் பாதியில் வழக்கமான பள்ளிவழி மாத்திரை மட்டும். மறு பாதியில் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஆண்டுக்கு இரு முறை, மூன்று ஆண்டு, ஆக ஆறு சுற்று. யானைக்கால் நோய்க்காக முன்பு ஊர் முழுவதும் மருந்து கொடுத்து முடித்த பகுதிகளாகப் பார்த்துக் களங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வீடு வீடாக மருந்து கொண்டுபோகும் அந்தப் பழைய ஏற்பாட்டின் அனுபவம் கைகொடுக்கும் என்பது எண்ணம்.

இந்தியக் களத்தில் முதல் வேலை மக்களை எண்ணுவதாக இருந்தது. 36,536 வீடுகள், 1,40,932 பேர். ஒவ்வொரு வீட்டின் இருப்பிடமும் வரைபடத்தில் குறிக்கப்பட்டது. பிறகு வயதுவாரியாகத் தேர்ந்தெடுத்த 6089 பேரின் மல மாதிரிகள், 2017 டிசம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை சோதிக்கப்பட்டன. காட்டோ-காட்ஸ் என்ற அந்தச் சோதனை எளிமையானது. குறிப்பிட்ட அளவு மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் முட்டைகளை எண்ணுவார்கள். கொக்கிப்புழு முட்டையில் ஒரு தொல்லை உண்டு. தகட்டைத் தயார் செய்து ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் முட்டை கரைந்து மறைந்துவிடும். மலைக்கிராமத்திலிருந்து மாதிரியைச் சேகரித்து, வளைந்து நெளியும் சாலையில் ஆய்வுக்கூடம் சேர்த்து, நேரத்துக்குள் எண்ணி முடிப்பது பெரும் உழைப்பு. அந்த உழைப்பின் பெரும்பகுதி மலையிலும் சமவெளியிலும் பணியாற்றிய களப் பணியாளர்களுடையது.

வயதுக்கும் தொகுதிக்கும் ஏற்பச் சரிசெய்த கணக்கில் 21 விழுக்காட்டினருக்குக் கொக்கிப்புழு இருந்தது. உருண்டைப்புழு, சாட்டைப்புழு இரண்டும் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. தொற்றுகளில் 92.9 விழுக்காடு லேசானவை. இது ஆறுதல் தரும் செய்தி. மற்றவை அவ்வளவு ஆறுதலானவை அல்ல. பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளோடு ஒப்பிட்டால், பெரியவர்களிடம் தொற்று இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 20 மடங்குக்கும் அதிகம். மரஞ்செடி அடர்ந்த பகுதிகளில் தொற்று கூடுதல். அண்மையில் பூச்சி மாத்திரை சாப்பிட்டவர்களிடமும், வசதியான வீடுகளிலும், குடும்பத் தலைவர் படித்தவராக இருந்த வீடுகளிலும் தொற்று வெகுவாகக் குறைவு. நல்ல கழிப்பறையைப் பயன்படுத்துகிறவர்களிடம் தொற்றின் தீவிரம் குறைவு.

பச்சைப் பரப்பும் படிப்பும் கழிப்பறையும் ஒரே அட்டவணையில் வந்து நிற்பதுதான் இந்த முடிவின் மதிப்பு. மருந்து ஆய்வாகத் தொடங்கியது, அந்த மக்களின் வீட்டையும் நிலத்தையும் பள்ளியையும் பற்றிய அறிக்கையாக முடிந்தது.

மலையின் பள்ளிகளை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு, மாநிலத்தின் பழங்குடியினரிடையே அது 54.3 விழுக்காடு. ஜவ்வாது மலையில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளோடு, வனத்துறை நடத்தும் பள்ளிகளும் இருக்கின்றன. காட்டைக் காக்கும் துறை பள்ளி நடத்துவது தமிழ்நாட்டில் அரிதான ஏற்பாடு. பெற்றோர் கூலிக்கு இறங்கும் மாதங்களில் உண்டு உறைவிடப் பள்ளி பிள்ளைக்குச் சோறும் கூரையும் தருகிறது. அது இல்லாத இடத்தில் பிள்ளையும் பெற்றோரோடு இறங்குகிறது, படிப்பு அறுபடுகிறது. பூச்சி மாத்திரை பள்ளி வழியாக மட்டும் தரப்படும்போது, பள்ளிக்கு வராத பிள்ளைக்கு அதுவும் கிடைக்காது. இப்படி விடுபடும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் எல்லோரிலும் ஏழைகள், எல்லோரிலும் அதிகத் தொற்றுள்ளவர்கள்.

படித்த குடும்பத் தலைவரின் வீட்டில் தொற்று ஏன் குறைகிறது? படிப்பு வேலையை மாற்றுகிறது. வேலை வீட்டின் தரையை மாற்றுகிறது. சிமெண்டுத் தரையில் இளம்புழு பிழைக்காது. செருப்பு வாங்கவும், கழிப்பறைக்குத் தண்ணீர் கொண்டுவரவும், மாத்திரை எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி பிறக்கிறது. கென்யாவின் விவாதம், புழு போனால் படிப்பு வருமா என்று கேட்டது. ஜவ்வாது மலையின் தரவுகள், படிப்பு வந்த வீட்டில் புழு குறைவாக இருப்பதைக் காட்டுகின்றன. இரண்டு திசையிலும் பாதை இருக்கக்கூடும். ஆனால் இரண்டாவது பாதையைப் பற்றி அறிஞர்கள் பேசுவது போதவில்லை.

நிலத்தின் பங்கும் அப்படியே. அடர்ந்த மரநிழலும் மக்கிய இலையும் மலையின் செல்வம். அவைதான் ஆறுகளுக்கு ஊற்று. அதே நிழல் இளம்புழுவுக்கும் இதமானது. மரத்தை வெட்டுவது இதற்கு விடையாகாது. மலம் அந்த மண்ணில் விழாமல் தடுப்பதே விடை. 2014க்குப் பின் தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறைகள் பெருகின. ஆனால் கோடையில் குடிக்கவே தண்ணீருக்கு நடக்க வேண்டிய ஊரில், வாளி வாளியாகத் தண்ணீர் கேட்கும் கழிப்பறை பயன்படாமல் விறகு அடுக்கும் இடமாகிவிடும். பாறை மேல் உள்ள ஊரில் குழி தோண்டுவதும் எளிதல்ல. மலைக்கு ஏற்ற கழிப்பறை எது என்ற கேள்விக்கு ஆராய்ச்சிப் பணம் இன்னும் தாராளமாக ஒதுக்கப்பட வேண்டும். மாத்திரையைவிட அது செலவு கூடியதுதான், ஆனால் ஒரு முறை சரியாகக் கட்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப வர வேண்டியதில்லை.

ஊர் முழுவதும் மாத்திரை கொடுத்தால் புழுவை அடியோடு நிறுத்திவிட முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கொக்கிப்புழுவில் ஆணும் பெண்ணும் தனித்தனி. ஒரே மனிதரின் குடலில் இரண்டும் இருந்தால்தான் பொரியக்கூடிய முட்டை பிறக்கும். ஊரில் புழுக்கள் மிகவும் அரிதாகிவிட்டால் ஆணும் பெண்ணும் ஒரே குடலில் சந்திப்பதே அபூர்வமாகி, பரவல் தானாக அணைந்துவிடும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ராய் ஆண்டர்சன் முதலியோர் உருவாக்கிய கணித மாதிரிகள் இதைத்தான் சொல்கின்றன. டீவார்ம்3 அதற்கு வைத்துக்கொண்ட எல்லை 2 விழுக்காடு. கடைசிச் சுற்று முடிந்து இரண்டு ஆண்டு கழித்தும் தொற்று அந்த அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால் பரவல் நின்றதாகக் கொள்வார்கள். அவ்வளவு குறைந்த அளவில் நுண்ணோக்கியை நம்ப முடியாது என்பதால், மலத்தில் உள்ள புழுவின் மரபணுவைப் பெருக்கிக் காணும் சோதனையைப் பயன்படுத்தினார்கள்.

இந்த வழியில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குக் கென்யக் கடற்கரையின் குவாலே மாவட்டம் ஒரு நல்ல அளவுகோல். 2019இல் வெளிவந்த அந்த ஆய்வில், பள்ளிகளில் மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை மாத்திரை கொடுத்த பகுதிகளில் இரண்டு ஆண்டில் கொக்கிப்புழு 18.6 விழுக்காட்டிலிருந்து 13.8க்கு இறங்கியது. ஊர் முழுவதும் ஆண்டுக்கு ஒரு முறை கொடுத்த பகுதிகளில் 17.9இலிருந்து 8.0க்கு இறங்கியது. ஆண்டுக்கு இரு முறை கொடுத்த பகுதிகளில் 20.6இலிருந்து 6.2க்கு இறங்கியது. பெரியவர்களைச் சேர்த்ததால் கிடைத்த பலன் தெளிவு. அதே சமயம் 6.2 என்பது 2க்கு இன்னும் தொலைவு.

அந்தக் கடைசித் தூரத்தைக் கடப்பது மாத்திரை எல்லோரையும் எட்டுவதைப் பொறுத்தது. விடியும் முன்பே கொல்லைக்குப் போய்விடுபவர், மூன்று மாதம் ஊரிலேயே இல்லாதவர், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுப்பவர் என்று ஒவ்வொரு சுற்றிலும் சிலர் விடுபடுவார்கள். ஒவ்வொரு முறையும் விடுபடுவது அதே ஆள் என்றால் ஊரின் புழுக்கள் அவரிடம் பத்திரமாக இருக்கும். கூலிக்கு இறங்கித் திரும்பும் ஜவ்வாது மலைக் குடும்பங்களுக்கு மாத்திரை வரும் மாதத்தைத் திருவிழாவுக்கோ அறுவடைக்கோ பக்கத்தில் வைத்தால் அதிகம் பேரை வீட்டில் பார்க்கலாம். இதை ஊரிலுள்ள ஒருவரால் முதல் நாளே சொல்லிவிட முடியும். மல மாதிரி கேட்டு வந்த வெளியாட்களுக்குக் கதவு திறந்துவிட்ட மக்கள், ஆய்வின் முடிவைத் தங்கள் ஊர்க் கூட்டத்தில் தங்கள் தமிழில் கேட்கும் உரிமை உடையவர்கள். அடுத்த ஆய்வில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையது. பெனினிலும் மலாவியிலும் உள்ள ஊர்களுக்கும் இது பொருந்தும்.

சாலையும் இந்தக் கதையில் உண்டு. 2023 மே மாதம், ஜவ்வாது மலையைச் சேர்ந்த அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் நடந்தார். காட்டுக்குள் சாலை போட வனச்சட்டத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கான தாள்கள் நகரும் வேகத்துக்கும் பாம்பின் நஞ்சு ஏறும் வேகத்துக்கும் எந்த ஒப்பும் கிடையாது. கொக்கிப்புழு இப்படித் திடீரென்று கொல்வதில்லை. ஆனால் இரத்தம் வற்றிய ஒரு தாய்க்குப் பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால், மருத்துவமனைக்கு உள்ள தூரம் அவருடைய உயிரை முடிவு செய்யும். புழுவும் சாலையும் அந்த இடத்தில் சந்திக்கின்றன.

மாத்திரைக்கு வேறு ஒரு எல்லையும் இருக்கிறது. அல்பெண்டசோல் சேர்ந்த மருந்துக் குடும்பத்தை ஆடுகளுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்ததில், உலகின் பல நாடுகளில் ஆட்டின் குடற்புழுக்கள் அதற்கு அடங்காமல் போய்விட்டன. மனிதப் புழுவிலும் அது நேரலாம் என்ற அச்சத்தில், அதற்குக் காரணமான மரபணு மாற்றங்களை ஆய்வாளர்கள் கண்காணித்து வருகிறார்கள். கோடிக்கணக்கானோர் ஒரே மருந்தை ஆண்டுக்கு இரு முறை விழுங்கும்போது இந்தக் கண்காணிப்பு கட்டாயம்.

இப்போதுள்ள அரசுத் திட்டங்களுக்குள்ளேயே பெரியவர்களை எட்டும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2018இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தில், கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதத்துக்குள் அல்பெண்டசோல் கொடுக்க இடம் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையோடு அதுவும் கிராமச் செவிலியர் கையில் வருகிறது. கொல்லையில் வேலை செய்யும் மற்ற பெண்களுக்கும் ஆண்களுக்கும் இப்படி ஒரு வழக்கமான வாசல் கிடையாது. வேலூர் ஆய்வாளர்கள் தங்கள் அறிக்கையில் பரிந்துரைத்ததும் ஊர் முழுவதையும் எட்டும் அணுகுமுறையைத்தான்; அதோடு வருமானமும் படிப்பும் கழிப்பறையும் மேம்பட்டால் ஒழிப்பு விரைவுபடும் என்றும் எழுதினார்கள். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சுகாதாரத்துறை மாத்திரையையும், ஊரக வளர்ச்சித்துறை கழிப்பறையையும், பழங்குடியினர் நலத்துறை பள்ளியையும், வனத்துறை சாலை அனுமதியையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்திருக்கின்றன.